உப்பளத்து வெயிலை யார் கணக்கில் எழுதுவது?

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். ஊர், அளம் என்று ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டு சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 24 வயது. பி.காம். முடித்துவிட்டு ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். அம்மாவுக்கு 47. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மாவுக்கு உப்பளத்தில்தான் வேலை. விடியற்காலை மூன்றரைக்கு, ஆள் பிடித்து வேலை வாங்கும் கங்காணியின் வேன் வரும், பாத்தியிலிருந்து உப்பை, அதைக் குவித்து வைக்கும் தட்டுமேட்டுக்குச் சுமக்க வேண்டும், ஆள் குறைந்த நாளில் உப்பை வாரிச் சேர்க்கும் வாருபலகையும் பிடிக்க வேண்டும். ஆண்களுக்கு நாளுக்கு 620 ரூபாய், பெண்களுக்கு 500. மழை இறங்கினால் அரைக்கூலி, சில நாள் அதுவும் கிடையாது. போன ஏப்ரலில் அம்மா பாத்தி ஓரத்திலேயே மயங்கி விழுந்திருக்கிறார். அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் 1.6, இருக்க வேண்டியதைவிடக் கூடுதல். "நிறையத் தண்ணி குடிங்கம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அம்மா வேலைக்குப் போகும் நாளில் தண்ணீர் பாட்டிலைத் தொடுவதே இல்லை, ஏனென்றால் அளத்தில் பெண்கள் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது.

இவர் புகார் கொடுக்க நினைக்கிறார். அண்ணன் தடுக்கிறார். "நாளைக்கே வேன்ல ஏத்த மாட்டாங்க. குஜராத் உப்பு விலைக்கே நம்ம ஊர் அளம் தாக்குப்பிடிக்கல, கூலியக் கூட்டச் சொன்னா மெஷின் வந்துரும்" என்பது அண்ணன் வாதம். இவர் என்னிடம் கேட்பவை: அம்மா பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லையே, புகார் நிற்குமா? 40 டிகிரி தாண்டினால் வேலையை நிறுத்தச் சட்டம் இருக்கிறதா? மழைக்காலத்தில் அரசு 5,000 ரூபாய் தருகிறதே, அதை வாங்கிக்கொண்டு முதலாளியிடமும் கேட்கலாமா? இல்லை, அம்மாவைப் பேசாமல் வேலையை விட்டு நிறுத்திவிடலாமா?

முதலில் உடம்பு. நான் வக்கீல், டாக்டர் இல்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது கூலிக் கணக்கு இல்லை, அந்த 1.6 தான். இன்னொரு முறை ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்து, சிறுநீரகப் பிரிவு மருத்துவரிடமே காட்டுங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம் வெயில், தண்ணீர் குடிக்காமல் இருப்பது, எல்லாவற்றையும் சொல்லி அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். "கூலி வேலை" என்று பொதுவாக எழுதினால் பின்னால் எதற்கும் உதவாது, "உப்பளத்தில் வேலை, வேலையின்போது மயக்கம்" என்று இருக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

இது உங்கள் அம்மாவுக்கு மட்டும் வந்த கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் தொழிலாளர்களைப் பரிசோதித்து 2023-ல் ஆய்வறிக்கை வெளியிட்டது. பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்கிறார்கள், ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருக்கிறது என்று அதில் வந்தது. கழிப்பறை இல்லாததும் தண்ணீர் குடிக்காததும் அந்த ஆய்வில் பேசப்படுகின்றன. உங்கள் அம்மா பாட்டிலைத் தொடாமல் இருப்பதை வீட்டில் பிடிவாதம் என்று திட்டிக்கொண்டிருந்தீர்களானால் அதை விட்டுவிடுங்கள். கழிப்பறை கட்டிக்கொடுக்காதவர் மிச்சம் பிடித்த காசு அவர் சிறுநீரகத்திலிருந்து போகிறது, அவ்வளவுதான்.

பெயர் எந்த நோட்டிலும் இல்லையே?

பெயர் பதிவேட்டில் இல்லையென்றால் கேட்க உரிமை இல்லை என்று நினைக்கிறீர்கள். அது தவறு. பதிவேடு வைக்க வேண்டியது அவர்கள் கடமை, வைக்காதது அவர்கள் குற்றம். உங்கள் அம்மா அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

2025 நவம்பர் 21 முதல், பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றில் நிறையப் பிரிவுகளோடு எனக்குச் சண்டை உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பில் உங்களுக்கு உதவும் பிரிவுகளும் இருக்கின்றன. கூலி கொடுக்கவில்லை, குறைத்துக் கொடுத்தார்கள் என்று தொழிலாளி உரிமை கோரினால், கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பாரம் முதலாளி மீது விழுகிறது (பிரிவு 59). கோருவதற்கான காலக்கெடு மூன்று ஆண்டுகள். பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் இது ஆறே மாதம். பாக்கியோடு சேர்த்து, அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரம் இருக்கிறது. கங்காணி கொடுக்காமல் நழுவினால் தொழிலின் உரிமையாளர்தான் பொறுப்பு (பிரிவு 43). அதனால் "எங்களுக்குக் கங்காணியைத் தவிர யாரையும் தெரியாது" என்று எழுதியிருந்தீர்களே, அது தடை இல்லை. அளம் யார் பெயரில் இருக்கிறது, குத்தகை யாருடையது என்று விசாரித்து அந்தப் பெயரையும் மனுவில் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை. புதிய சட்டம் வருவதற்கு முந்தைய மாதங்களுக்கும் மூன்று ஆண்டுக் கணக்குச் செல்லுமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கண்டிப்பாகக் கிளப்புவார். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அவருக்குத்தான் லாபம்.

சான்று என்று பெரிதாக ஒன்றும் தேட வேண்டாம். கங்காணி ஜிபேயில் கூலி போட்டது ஒன்றிரண்டு முறை இருந்தாலும் வங்கிக் கணக்கில் அது பதிந்திருக்கும். "நாளைக்கு ஆறு ஆள் வேணும்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தியை அழித்துவிடாதீர்கள். நலவாரிய அட்டை, மருத்துவமனைச் சீட்டு, தட்டுமேட்டில் நின்று எடுத்த படம், கூட வேலை செய்யும் இரண்டு பேரின் வாய்மொழி, இவை போதும். நீங்கள் கணக்கு எழுதுகிறவர், ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு, அம்மா வீட்டுக்கு வந்ததும் தேதி, ஏறிய நேரம், இறங்கிய நேரம், என்ன வேலை, எவ்வளவு கூலி, மழையா வெயிலா என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். அன்றன்றைக்கு எழுதிய நோட்டுக்கு விசாரணையில் ஒரு மரியாதை உண்டு. ஒரே பேனாவில் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது பார்த்தாலே தெரிந்துவிடும்.

620-ம் 500-ம்

"ஆம்பளைங்க வாருறாங்க, பொம்பளைங்க சுமக்கிறாங்க, வேலை வேற வேற, அதனால கூலியும் வேற" என்று கங்காணி சொல்வதை நீங்களும் பாதி ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆண் பெண் என்று பார்த்துக் கூலியில் வித்தியாசம் காட்டக் கூடாது என்னும் இடத்தில் சட்டம் அதே வேலை என்று மட்டும் சொல்லவில்லை, ஒத்த தன்மையுள்ள வேலை என்றும் சொல்கிறது. திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு இவற்றைப் பார்க்க வேண்டும். கூடையில் ஈர உப்பைத் தலையில் தூக்கி, வழுக்கும் வரப்பில் ஏறி இறங்குவது வாருவதைவிட லேசான வேலை என்று எந்த அதிகாரியும் அளத்தில் நின்று பார்த்துவிட்டு எழுத முடியாது. உங்கள் அம்மா வாருபலகை பிடித்த நாள்களுக்கு இந்தத் தர்க்கம்கூடத் தேவையில்லை, அன்று அது அதே வேலைதான். நோட்டில் அந்த நாள்களைத் தனியாகக் குறியுங்கள்.

நாளுக்கு 120 ரூபாய் வித்தியாசம். ஒரு பருவத்தில் 200 நாள் என்று வைத்தால் ஆண்டுக்கு 24,000. மூன்று ஆண்டுக்கு 72,000. உங்கள் வீட்டில் இது என்ன தொகை என்று உங்களுக்குத் தெரியும்.

இதற்குக் கீழே இன்னொரு தளம் இருக்கிறது. தமிழ்நாட்டில் உப்பளத் தொழிலுக்கென்று தனியாகக் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கப்பட்டிருக்கிறது, ஏப்ரல் 1-ல் பஞ்சப்படி மாறும், அதில் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. நடப்பு ஆண்டின் அட்டவணையைத் தொழிலாளர் துறையில் வாங்கி 500-ஐ அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைவாக இருந்தால் உங்கள் வழக்கு பல மடங்கு வலுவாகிவிடும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே, டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது.

மழை நாள் அரைக்கூலியையும் கேளுங்கள். வேலை செய்யத் தயாராக வந்த தொழிலாளிக்கு முதலாளி வேலை கொடுக்காததால் நாள் குறைந்தால் முழுநாள் கூலி தர வேண்டும் என்பது பொது விதி (ஊதியச் சட்டத்தொகுப்பு, பிரிவு 10). விதிகளில் விலக்குகள் வரலாம், மழை யார் கையிலும் இல்லை என்று அவர்கள் வாதிடுவார்கள். ஆனாலும் மூன்றரைக்கு வேனில் ஏற்றிக்கொண்டு போய் பத்து மணிக்குத் திருப்பி அனுப்பும் நாளின் நட்டம் முழுவதையும் உங்கள் அம்மா ஏற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

40 டிகிரி

இத்தனை டிகிரிக்கு மேல் திறந்தவெளி வேலையை நிறுத்தியே ஆக வேண்டும் என்று ஒரு கட்டாயச் சட்டம் இந்தியாவில் இல்லை. வருவதெல்லாம் அறிவுரைகள், "12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள்" என்கிற மாதிரி. வளைகுடாவில் இருக்கும் உறவுக்காரர்கள் மதிய இடைவேளை பற்றிச் சொல்லியிருப்பார்கள், அங்கே அது சட்டம். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது. கத்தார் 2021-ல் ஒரு படி மேலே போய், வெப்பமும் ஈரப்பதமும் வெயிலும் சேர்ந்த ஒரு குறியீடு 32.1-ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்று விதித்தது.

நீங்கள் கேட்பதில் ஒரு சின்னத் திருத்தம் தேவை, முக்கியமான திருத்தம். 40 டிகிரி என்று ஒரு எண்ணைச் சட்டத்தில் போட்டால் அது வேலூருக்கு உதவும், தூத்துக்குடிக்கு உதவாது. கடலோரத்தில் வெப்பமானி 36-ஐக் காட்டும்போதே காற்றின் ஈரத்தில் வியர்வை உலராது, உடம்பு குளிராது, கீழேயிருந்து வெள்ளை உப்பு வெளிச்சத்தைக் கண்ணுக்குத் திருப்பி அடிக்கும். கடலோர நிலையங்களில் வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவிக்கவே 37 டிகிரியும், வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலும் வேண்டும். உங்கள் அம்மா விழுந்த நாளில் அப்படி எந்த அறிவிப்பும் இல்லாமல் இருந்திருக்கலாம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் உண்டு. நல்ல அறிவிப்புதான். ஆனால் அது செத்தபின் வருகிற பணம், சிறுநீரகம் மெல்ல மெல்லப் போகிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

சட்டத்தில் யாரும் அதிகம் பேசாத ஒரு வரி இருக்கிறது. ஊதியச் சட்டத்தொகுப்பின் 6-ஆவது பிரிவில், குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும்போது தாங்க முடியாத வெப்பம், ஈரப்பதம் போன்ற வேலைக் கடுமையை அரசு கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. 'எடுத்துக்கொள்ளலாம்' என்றுதான் இருக்கிறது, 'எடுக்க வேண்டும்' என்று இல்லை. இருந்தாலும் கேட்பதற்கு ஒரு பிடி. உப்பளத்துக்கு அடுத்த முறை கூலி நிர்ணயக் குழு அமைத்துக் கருத்துக் கேட்கும்போது, வெப்பத்துக்கென்று தனிப்படி வேண்டும் என்று உங்கள் அம்மாவின் மருத்துவச் சீட்டையும் வைத்து ஒரு மனு போக வேண்டும். சங்கத்தின் மூலம் போனால் இன்னும் நல்லது.

கழிப்பறை, குடிநீர், நிழல், கண்ணாடி, பூட்ஸ் விஷயத்தில் ஒரு பழைய தீர்ப்பைச் சொல்ல வேண்டும். 1961-ல் பம்பாய் வடாலா உப்பளம் பற்றிய வழக்கு, ஆர்தேஷிர் பிவண்டிவாலா வழக்கு. கட்டடமே இல்லாத வெட்டவெளி எப்படித் தொழிற்சாலை ஆகும் என்று உரிமையாளர் கேட்டார். கடல்நீரை உப்பாக்குவது உற்பத்திதான், திறந்த நிலமும் தொழிற்கூடம்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படிப் பார்த்தால் அளத்தில் கழிப்பறை என்பது சலுகை இல்லை, கடமை. ஆனால் என் சண்டை இங்கேதான் வருகிறது. மின்சாரம் இல்லாமல் நடக்கும் இடத்தில் 20 பேர் இருந்தால் தொழிற்சாலை என்று இருந்ததைப் புதிய தொகுப்பு 40 ஆக்கிவிட்டது, மின்சாரத்தோடு என்றால் 10 பேர் என்பது 20 ஆகிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கான எண்ணிக்கையும் 20-லிருந்து 50-க்குப் போய்விட்டது. சிறு தொழிலுக்குச் சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். குறைந்த சுமை காற்றில் கரையவில்லை, தலைக்கூடையில் ஏறியிருக்கிறது. அதனால் உங்கள் அம்மாவின் அளத்தில் எத்தனை பேர், மோட்டார் ஓடுகிறதா, பக்கத்து அளமும் அதே உரிமையாளருடையதா என்பதை எல்லாம் எண்ணி எழுதுங்கள். ஒரே முதலாளியின் அளத்தை நான்கு பெயரில் பிரித்துக் காட்டுவது பழைய பழக்கம்.

5,000 ரூபாய்

உப்பு விளையாத அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களுக்காக மாநில அரசு தரும் 5,000, வேலையில்லாக் காலத்து நிவாரணம். அதை வாங்கியதால் கூலிப் பாக்கி கேட்கும் உரிமை ஒரு பைசாவும் குறையாது. நலவாரிய அட்டை இருப்பதால் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள், அதுவும் இல்லை. வாரியம் வேறு, அவை வேறு. அட்டையைப் புதுப்பித்து வையுங்கள், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியத்துக்கு அது வேண்டும்.

வெயிலுக்குக் காப்பீடு போடுவது பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். குஜராத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சேவா பெண் தொழிலாளர் சங்கம் அப்படி ஒரு திட்டம் நடத்துகிறது. 2024-ல் மூன்று மாநிலங்களில் சுமார் 50,000 பெண்கள் அதில் இருந்தார்கள், கடும் வெயில் நாள்களில் பெரும்பாலானோர் கணக்கில் 400 ரூபாய் நேராக வந்தது. வெயிலுக்குப் பயந்து ஒரு நாள் வீட்டில் இருக்க அது உதவும், நான் வரவேற்கிறேன். ஆனால் அதில் அளத்து முதலாளியின் கை நனைவதே இல்லை, பிரீமியம் கட்டுவது தொழிலாளியும் நன்கொடையாளரும். வேலை வாங்குகிறவர் எதையும் மாற்ற வேண்டிய நெருக்கடி வராது.

அண்ணன் சொல்வது

அண்ணன் சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள், அதில் நிஜம் இருக்கிறது. நாட்டின் உப்பில் பெரும்பங்கு குஜராத்திலிருந்து வருகிறது. அங்கே பெரிய அளங்களில் இயந்திரம்தான் வாருகிறது. தூத்துக்குடியின் சிறு உற்பத்தியாளர் விலை விழுந்த ஆண்டில் கடன் வாங்கித்தான் கூலி கொடுக்கிறார். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது மாவட்டத்தின் அளங்கள் பல மூழ்கின, குவித்து வைத்த உப்பு கரைந்து போனது.

ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். வெயில் கூடினால் உப்பு நன்றாக விளையும், அது முதலாளிக்கு வரவு, சுமப்பவர் உடம்புக்குச் செலவு. மழை கூடினால் உப்பு குறையும், விலை ஏறும், கையிருப்பு வைத்திருப்பவருக்கு அதிலும் வரவு, உங்கள் அம்மாவுக்கு வேலை நாள் போச்சு. பருவநிலை எந்தப் பக்கம் திரும்பினாலும் நட்டம் ஒரே ஆள் பெயரில் எழுதப்படுகிறது. இதை இயற்கை என்று சொல்லி விட்டுவிட முடியாது, கூலியை எப்படி வைப்பது, ஆபத்தை யார் தலையில் போடுவது என்று மனிதர்கள் எடுத்த முடிவு இது. அளத்தில் கிலோ சில ரூபாய்க்குப் போகும் உப்பு கடையில் பாக்கெட்டாக இருபது முப்பது ரூபாய்க்கு விற்கிறது. நடுவில் இருக்கும் அந்தப் பணத்தில் ஒரு கழிப்பறைக்கும் 120 ரூபாய்க்கும் இடமில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். இயந்திரம் வருவது கூலியை மட்டும் பார்த்து இல்லை, அளத்தின் அளவு, தரை, முதலீடு எல்லாம் பார்த்துத்தான். கூலியைக் கேட்காமல் இருந்த ஊர்களிலும் இயந்திரம் வந்திருக்கிறது.

வேனில் ஏற்றமாட்டார்கள் என்ற பயம்தான் உண்மையான பயம். அது நடக்கும், நடந்து பார்த்திருக்கிறேன். அதனால் அம்மாவைத் தனியாக முன்னால் நிறுத்தாதீர்கள். அதே வேனில் போகும் நாலைந்து பெண்கள் சேர்ந்து கையெழுத்திட்டால் எல்லோரையும் ஒரே நாளில் நிறுத்துவது கங்காணிக்கும் கஷ்டம், பருவத்தின் நடுவில் ஆள் கிடைக்காது. அதனால் மனு கொடுக்க மார்ச், ஏப்ரல்தான் நல்ல நேரம், செப்டம்பர் இல்லை. ஊரில் உப்பளத் தொழிலாளர் சங்கங்கள் இருக்கின்றன, உற்பத்தியாளர்களோடு கூலி ஒப்பந்தம் பேசும் வழக்கமும் இருக்கிறது. அதில் சேர்ந்து, சங்கத்தின் மூலம் முதலில் ஒரு கடிதம் போகட்டும். கழிப்பறை, தண்ணீர், பந்தல், பத்து மணிக்கு ஒரு இடைவேளை, இவை முதலில். பல முதலாளிகள் இந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள். கூலி வித்தியாசத்துக்குப் பதில் வராவிட்டால் அடுத்த படி மனு.

வேலையை விடுவது பற்றி: மருத்துவர் சுமை தூக்கக் கூடாது என்று சொன்னால் அன்றே நிறுத்துங்கள், வழக்குக்காக ஒரு நாளும் உடம்பைப் பணயம் வைக்க வேண்டாம். நின்ற பிறகும் பழைய பாக்கியைக் கேட்கலாம். அண்ணன் சொன்ன மின்சாரக் கார் ஆலையில் துப்புரவு வேலை கிடைத்தால் போகட்டும், நிழலாவது இருக்கும். ஆனால் அங்கேயும் ஒப்பந்தக்காரர் மூலம்தான் எடுப்பார்கள், பணி நியமனக் கடிதமும் இஎஸ்ஐ எண்ணும் முதல் மாதத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். மனு தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்குப் போக வேண்டும். உரிமையாளர் பெயர், கங்காணி பெயர், தேதிகள், கூலி, வித்தியாசக் கணக்கு, சான்றுகளின் பட்டியல், இவ்வளவும் இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். உங்கள் பிரதியில் தேதியோடு பெறுகை முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.